புனா நகரத்து ஆராய்ச்சி மாணவி

பட்டம் பெற்ற பின்னும் படிப்பை விட மனமின்றி, ஆராய்ச்சி என்னும் பெயரால் மேலும் சில ஆண்டுகளைப் புத்தகங்களுக்கிடையே கழிக்கத் துணிகின்ற இளைஞனுடைய அல்லது யுவதியுடைய ஜீவிதத்தில், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புலப்படாத ஒரு விசேஷம் இருக்கிறது. உத்தியோகஸ்தர் என்று சொல்லிக்கொள்ள முடியாது; சிறு பிள்ளை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உறவினர் கல்யாணப் பேச்சை எடுக்கும் வயது வந்திருக்கும், குடும்பம் நடத்துவதற்கான வருமானம் வந்திராது. அந்த இடைக்காலத்தில்தான் மனம் எதையும் கூர்ந்து நோக்குகிறது. நூலகத்தை மூடிய பிறகு அறைக்குத் திரும்பும் வழியில், இந்த வாழ்க்கை எந்தத் திசையில் போகிறது, நான் நேசிக்கும் உள்ளம் என்னை நேசிக்குமா, நேற்றிரவு கேட்ட ராகம் ஏன் இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை, எதிரே வரும் பெண்மணி தம் சேலையை ஏன் அப்படி உடுத்தியிருக்கிறார் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழும் எண்ணங்களுக்குக் கணக்கேயில்லை. வழிகாட்டும் பேராசிரியர்கள் பெரும்பாலும் இவற்றைக் காலவிரயம் என்று கருதுகிறார்கள். இவை ஆராய்ச்சிக்கு விரோதமானவை அல்ல, உண்மையான ஆராய்ச்சி முளைவிடும் நிலமே இவைதாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதற்கு மறுக்க முடியாத சாட்சியாக ஒரு பெண்மணியின் ஜீவிதத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

அதற்கு முன் அந்த நகரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புனா என்று நம் பெரியவர்கள் அழைத்துப் பழகிய புணே, வித்தியார்த்திகளுக்கென்றே அமைந்ததோ என்று எண்ணத்தக்க ஊர். 1885-இல் தொடங்கிய பெர்குசன் கல்லூரி, 1917-இல் தோன்றிய பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம், 1930-இல் நிறுவப்பட்ட கோகலே அரசியல் பொருளாதார நிலையம் ஆகியவை யாவும் ஹனுமான் டேக்டி என்னும் சிறு குன்றைச் சூழ்ந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. மாலை வேளையில் அந்தக் குன்றின்மேல் ஏறி அமர்ந்து, ஆய்வுரையின் அத்தியாயங்களைப் பற்றியும் அவற்றைவிடக் கடினமான விஷயங்களைப் பற்றியும் சம்பாஷிக்கும் மாணவ மாணவியரைக் காணாத நாள் அங்கே கிடையாது. பெர்குசன் கல்லூரிச் சாலையில் இருக்கும் வைஷாலி என்னும் சிற்றுண்டிச்சாலை முற்காலத்தில் மதராஸ் ஹெல்த் ஹோம் என்று வழங்கியது என்பதை அறியும் தமிழ் வாசகருக்கு, அந்த ஊர் சற்றே நெருங்கி வந்துவிட்டாற்போல் தோன்றும். சாலையின் கோடியில் 1935 முதல் நடந்துவரும் குட்லக் என்னும் ஈரானிக் கடையில், வெண்ணெய் தடவிய பன்னும் ஒரு கோப்பைத் தேநீரும் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் வாதம் செய்யும் சம்பிரதாயம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

படிப்பவனுக்குப் பொருளுதவி செய்வதிலும் அந்நகரத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பேஷ்வாக்களின் ஆட்சியில் ஆண்டுதோறும் சிராவண மாதத்தில் சாஸ்திரம் கற்ற பிராமணர்களுக்குத் தட்சிணை வழங்கும் வழக்கம் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சி வந்தபோது அந்த நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1821-இல் ஒரு சமஸ்கிருதக் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். அதுவே பிற்காலத்தில் டெக்கான் கல்லூரியாக வளர்ந்தது. அந்த நிதியிலிருந்தே பிறகு கல்லூரிகளில் தட்சிணை உபகாரச் சம்பளம் என்ற ஒன்றும் பிறந்தது. ஒரு காலத்தில் வைதிக ஆண்களின் கைக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த அந்தத் தட்சிணை, 1926-ஆம் ஆண்டில் தத்துவ சாஸ்திரத்தில் பட்டம் பெற்று வெளிவந்த ஓர் இளம் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர்தாம் நான் சொல்ல வந்த இராவதி கார்வே.

இராவதி பிறந்தது 1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பர்மாவில். தந்தை கணேஷ் ஹரி கர்மார்கர் அங்கே ஒரு பருத்திக் கம்பெனியில் என்ஜினீயராக இருந்தார்; அந்நாட்டின் ஐராவதி நதியின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினார்கள். ஏழு வயதில் புணேயின் ஹுஜூர்பாகா பெண்கள் பள்ளி விடுதிக்கு வந்து சேர்ந்த அந்தச் சிறுமி, பள்ளித் தோழியான சகுந்தலாவின் இல்லத்தில் இன்னொரு மகளைப் போலவே வளர்ந்தார். சகுந்தலாவின் தந்தையோ கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்றுத் திரும்பி, பெர்குசன் கல்லூரியின் முதல்வராக விளங்கிய ராங்க்ளர் பராஞ்சபே. எதையும் கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்ற துணிவு அந்த வீட்டில் இயல்பாகவே நிலவியது.

உபகாரச் சம்பளம் கிடைத்ததும் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் கோவிந்த சதாசிவ குர்யேயிடம் சமூகவியல் பயின்று, தாம் பிறந்த சித்பாவன சமூகத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு 1928-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். தன் வீட்டுச் சமையலறையையும் பூஜையறையையும் கல்யாணக் கூடத்தையும் அந்நியரின் கண்கொண்டு பார்ப்பது எளிய காரியமன்று. அந்தப் பயிற்சியை இருபத்திரண்டு வயதுக்குள் பெற்றுவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையில் தினகர் கார்வே என்னும் இரசாயன ஆசிரியரை அவர் மணந்தார். தினகரின் தந்தை, விதவையொருத்தியைத் தாமே மணந்து, விதவைகளுக்கு ஆசிரமம் கண்டு, 1916-இல் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகத்தையே தோற்றுவித்த மகரிஷி தோண்டோ கேசவ கார்வே. அத்தகைய மாமனாரும், மருமகள் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குச் செல்வதற்கு இசையவில்லை. இசைந்தவர் கணவர். ஊக்கமளித்தவரும் அவரே. ஜீவராஜ் மேத்தா என்பவரிடம் கடனாகப் பெற்ற பணத்துடன் இராவதி 1928-இல் பெர்லினுக்குப் பிரயாணமானார். காதல் என்றால் கண்டதும் மயங்குவது என்று நம் கதைகளும் சினிமாப் படங்களும் இடைவிடாமல் போதித்திருக்கின்றன. தன் மனைவியின் அறிவுக்கு எது வேண்டுமென்று கண்டறிந்து, குடும்பத்தின் மனக்கசப்பைத் தான் தாங்கிக்கொண்டு, இரண்டாண்டுப் பிரிவையும் ஏற்று அவளைக் கப்பலேற்றிவிட்ட அந்த மனிதரின் உள்ளத்தில் இருந்ததைக் காதல் என்று அழைக்காவிட்டால் வேறெதை அழைப்பது?

பெர்லினில் நடந்தது இன்னும் விரிவாகச் சொல்லத் தகுந்தது. அங்கே மானிடவியலுக்கும் மனிதப் பாரம்பரியத்துக்குமான கைசர் வில்ஹெல்ம் நிலையத்தில் யூஜன் பிஷர் என்பவர் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். ஐரோப்பிய வெள்ளையரின் மண்டையோடு இரு பக்கமும் சமமாக இராது, வலப்புற முன்மூளை பெரிதாக இருப்பதே காரணம், அதுவே அவர்களுடைய உயர்ந்த பகுத்தறிவின் அடையாளம் என்பது பிஷரின் அனுமானம். அதை நிரூபித்துத் தருவது மாணவியின் வேலை. 149 மண்டையோடுகளை அளந்து பார்த்த அந்த இந்திய மாணவி, மண்டையின் கோணலுக்கும் இனத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். குருநாதருக்கு அது உவப்பாக இல்லை. குறைந்த மதிப்பீடே கிடைத்தது. ஆயினும் 1930-இல் டாக்டர் பட்டத்துடன் அவர் தாயகம் திரும்பினார். இனவெறி ஜெர்மனியின் அரசியலாகவே ஆகிக்கொண்டிருந்த காலம் அது. வயது இருபத்தைந்துகூட நிறையாத, அந்நிய தேசத்தில் கடன் பணத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன் பட்டம் யார் கையில் இருக்கிறதோ அவருடைய அபிமான சித்தாந்தத்துக்கு விரோதமான முடிவை அளவுகோலின் பலத்தில் எழுதினார் என்று எண்ணும்போதெல்லாம், ஆராய்ச்சி மாணவர் என்னும் பதத்தின்மேல் எனக்குள்ள மரியாதை இரட்டிப்பாகிறது.

திரும்பி வந்தவர் 1939 முதல் டெக்கான் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அங்கிருந்து 1953-இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல், இந்தியாவின் உறவுமுறை அமைப்பைப் பற்றியது. தேசத்தை வடக்கு, மத்தியம், தெற்கு, கிழக்கு என நான்கு வட்டாரங்களாகப் பகுத்து, அங்கங்கே மக்கள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள், யாரை மணக்கிறார்கள், யாரிடமிருந்து விலகி நிற்கிறார்கள் என்பதையெல்லாம் திரட்டித் தந்தது. வடக்கே மணப்பெண் முன்பின் அறியாத ஊருக்குப் போகிறாள். மாமனார் முன்னிலையில் முக்காடிட்டு நிற்கிறாள். பிறந்த வீட்டில் அவள் இருந்த விதம் வேறு, புகுந்த வீட்டில் இருக்கவேண்டிய விதம் முற்றிலும் வேறு. தெற்கேயோ மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் முறை உண்டு. தாய்மாமனையே மணந்தவளுக்கு மாமியாராக வாய்ப்பவள் தன் சொந்தப் பாட்டி. ஆகவே புகுந்த வீட்டில் அவளுக்கு அந்நியமாவது குறைவு. நம் வீட்டுக் கல்யாணங்களில் மாமன்சீரையும் முறைமாப்பிள்ளையின் கேலியையும் பார்த்து வளர்ந்த நமக்கு, இது அன்றாடப் பேச்சு. அந்த அன்றாடப் பேச்சையே காது கொடுத்துக் கேட்டு, ஒரு பெண்ணின் சுதந்திரமும் பயமும் எவ்வாறு உறவின் வரைபடத்திலேயே பொதிந்திருக்கின்றன என்று கண்டார் அவர். காதலும் கல்யாணமும் பற்றிய சிந்தனைகளை வீண் என்று ஒதுக்கியிருந்தால் அந்நூல் எழுதப்பட்டிராது.

ஆங்கிலத்தில் இத்தகைய பெருநூல்களை எழுதிய அதே கையால், மராத்தியில் அவர் சொந்த அனுபவ வியாசங்களையும் எழுதினார். லலித நிபந்தம் என்று மராத்தியர் கொண்டாடும் அந்த இலக்கிய வகையில் 1949-இல் வெளிவந்த பரிபூர்த்தி என்னும் தொகுதி முக்கியமானது. தலைப்புக் கட்டுரையில் வரும் நிகழ்ச்சி இதுதான்: ஒரு சபையில் அவரை மகரிஷியின் மருமகள், கல்லூரி முதல்வரின் மனைவி என்றெல்லாம் சொல்லி அறிமுகம் செய்கிறார்கள், ஏதோ குறைவதாகவே அவருக்குத் தோன்றுகிறது. வீடு திரும்பும் வழியில் தெருவில் நிற்கும் சிறுவர்களில் ஒருவன், நம் வகுப்புக் கார்வேயின் அம்மா அதோ போகிறார் என்று மற்றவர்களிடம் சொல்வது காதில் விழுகிறது. அந்த அறிமுகத்தோடு பட்டியல் நிறைவு பெற்றதாக எழுதுகிறார். மகள், மருமகள், மனைவி, தாய் என்று பிறரைக் கொண்டே பெண்ணை அடையாளப்படுத்தும் வழக்கத்தைப் பற்றி எத்தனை சமூகவியல் நூல்கள் எழுதினாலும், அந்தத் தெருமுனைச் சிறுவனின் குரலைப் போல அவை வாசகரின் உள்ளத்தில் நுழைந்துவிடுமா என்பது சந்தேகமே.

அலங்காரம், நாகரிகம் என்னும் விஷயத்திலும் அவர் சுயமாகவே முடிவு செய்தார். திருமணமான மராத்தியப் பெண்ணுக்கு இன்றியமையாதவை என்று கருதப்பட்ட குங்குமத்தையும் மங்கள சூத்திரத்தையும் அவர் அணியவில்லை. கணவரைப் பெயர் சொல்லித் தினு என்று அழைத்தார்; குழந்தைகளும் தாய் தந்தையரை இரு என்றும் தினு என்றுமே அழைத்தார்கள். 1952 வாக்கில் அவர் ஸ்கூட்டரில் ஏறித் தெருவில் வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. புணே வீதிகளில் ஸ்கூட்டர் ஓட்டிய முதல் பெண் அவரே என்பார்கள். சேலையுடுத்திய ஆஜானுபாகுவான பேராசிரியை, இரு சக்கர வாகனத்தில் அமர்ந்து கல்லூரிக்குப் போகும் அந்தக் காட்சிக்குப் பின், அந்நகரத்துப் பெண்களின் நாகரிகமே இரு சக்கரத்தின்மேல் அமைந்துவிட்டது. இன்றைக்குப் புணேக்குச் செல்பவர், கண்கள் மட்டும் தெரியும்படி முகத்தையும் தலையையும் நீண்ட பருத்தித் துணியால் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பறக்கும் மாணவியரை எங்கும் காணலாம். வெயிலுக்கும் புழுதிக்கும் கட்டிக்கொள்வது என்பார்கள். ஊராரின் பார்வையிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு, விரும்பிய இடத்துக்கு விரும்பிய வேளையில் போய்வரும் சௌகரியமும் அதில் இருக்கிறதென்றே நான் நினைக்கிறேன். உடையைப் பற்றிச் சிந்திப்பது அற்பம் என்பவர்கள், இளவயதில் ஒருவர் தாமே தீர்மானிக்கக்கூடிய விஷயங்கள் எத்தனை சொற்பம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனிச் சங்கீதம். மாணவனுக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு எப்போதும் சுமுகமானதல்ல. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்கத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், தம் தமிழாசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று அறிந்து அப்பயிற்சியை நிறுத்திவிட்ட செய்தியை என் சரித்திரத்தில் நாம் படித்திருக்கிறோம். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. புணேயில் படிப்பவருக்கு அந்தத் தியாகம் அவசியமில்லை. ஏனெனில் அங்கே சங்கீதமே வீடு தேடி வந்து பாடம் நடத்துகிறது.

கிரானா கரானா என்னும் ஹிந்துஸ்தானி இசை மரபின் மகாவித்வான் அப்துல் கரீம் கான் 1913-இல் புணேயில் ஆரிய சங்கீத வித்யாலயத்தை ஏற்படுத்தினார். கர்நாடக சங்கீதத்தின் ஸ்வரப் பிரயோகங்களை ஆர்வத்தோடு கற்று, தியாகராஜ கீர்த்தனையை இசைத்தட்டிலும் பாடிப் பதிவு செய்தவர் அவர். 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் செல்லும்போது உடல் நலங்குன்றவே, நம்முடைய சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே அமர்ந்து தர்பாரி ராகத்தில் இறைவனைப் பிரார்த்தித்தபடி உயிர் நீத்தார். செங்கற்பட்டுப் பக்கம் மின்சார ரயிலில் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? அவருடைய மகள் ஹீராபாய் பரோடேகர், இராவதி பிறந்த அதே 1905-இல் பிறந்தவர். கௌரவமான குடும்பத்துப் பெண் சபையில் பாடுவதா என்று தயங்கிய காலத்தில், டிக்கட் வைத்து நடந்த கச்சேரிகளில் மேடையேறிப் பாடிய முதற் பெண்மணிகளுள் ஒருவர். ஒருவர் அளவுகோலாலும் மற்றவர் ஸ்வரத்தாலும் ஒரே நகரத்தில் ஒரே தலைமுறையில் வழி திறந்திருக்கிறார்கள்.

அப்துல் கரீம் கானின் சிஷ்யர் சவாய் கந்தர்வர் 1952-இல் காலமானார். அவருடைய சிஷ்யர் பீம்சேன் ஜோஷி அடுத்த ஆண்டே குருவின் நினைவாக ஓர் உற்சவத்தைத் தொடங்கினார். டிசம்பர் மாதத்தில் நடக்கும் அந்தச் சங்கீத உற்சவம், சென்னையின் மார்கழிக் கச்சேரிகளுக்கு ஒப்பான புகழ் உடையது. ஹிந்துஸ்தானி மரபில் ஒவ்வொரு ராகத்துக்கும் உரிய வேளை உண்டு. முற்காலத்தில் அந்த உற்சவம் இரவு முழுவதும் நடந்தது. கம்பளியும் தெர்மாஸ் குடுவையில் காபியுமாகத் தரையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள், முன்னிரவில் யமனையும் நள்ளிரவில் மால்கௌன்ஸையும் கேட்டு, விடியும் வேளைக்கென்றே உள்ள லலித்தை விடியும் வேளையிலேயே கேட்கும் பாக்கியம் பெற்றிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னதிலிருந்து அந்த வாய்ப்பு போயிற்று. நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் தூக்கம் வேண்டும் என்பதை யார் மறுப்பார்? ஆனாலும் நள்ளிரவு ராகங்களைப் பகலிலோ பதிவிலோதான் கேட்க நேரும் தலைமுறைக்காக என் மனம் வருந்துகிறது. பிற்பகலில் தொடங்கும் இக்கால அமர்வுகளில் பீம்பலாஸியும் முல்தானியும் முன்னைவிட அதிகமாகக் கிடைப்பது ஓரளவு ஆறுதல்.

ராகம் பாடிய அதே பீம்சேன், துக்காராமும் நாமதேவரும் இயற்றிய அபங்கங்களையும் நிறைந்த சபைகளில் பாடினார். அந்த அபங்கங்கள் மேடைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே தெருவில் வழங்கி வந்தவை. ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும் தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்பட்டு, புணே வழியாகப் பண்டரிபுரம் செல்கின்றன. லட்சக்கணக்கான வார்கரிகள் தாளமிட்டுப் பாடியபடி கூடவே நடக்கிறார்கள். இராவதி கார்வேயும் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நடந்தார். தெய்வ பக்தியால் நடந்தார் என்று சொல்வதற்கில்லை. ஆராய்ச்சிக்காக மட்டும் நடந்தார் என்றும் சொல்ல முடியாது. பாட்டும் நடையும் ஒன்றாகிவிட்ட அந்த மக்கள் வெள்ளத்தில்தான் மகாராஷ்டிரம் என்பது எது என்று தாம் கண்டுகொண்டதாக எழுதினார். பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் எவரோ அவர்களுடைய நாடே மகாராஷ்டிரம் என்பது அவருடைய முடிவு. அதே வியாசத்தில், ஒரே இறைவன் பெயரைப் பாடிக்கொண்டு நடப்பவர்களில் பிராமணர் தனியாகவும் மராத்தர் தனியாகவும் சமைத்து உண்டதைக் கண்டு தாம் அனுபவித்த வேதனையையும் மறைக்காமல் எழுதினார். மராத்தப் பெண்களோடு அமர்ந்து அவர் உணவருந்திய பின்னரே அவர்கள் மனம்விட்டுப் பேசினார்களாம்.

ஓர் ஓய்வுநேரச் சிந்தனையைப் போல மராத்தியில் எழுதப்பட்ட அந்த வியாசம், 1962-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ஆசியவியல் ஆய்விதழில் ஆங்கிலத்தில் வந்தது. அது முதல் பல தேசத்து மாணவர்கள் அதை மானிடவியல் பாடமாகவே படித்து வருகிறார்கள். பிராங்க்ளின் சௌத்வொர்த் என்னும் அறிஞருடன் சேர்ந்து அதை ஆங்கிலமாக்கியவர், முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் அவரைப் பெர்லினுக்கு அனுப்பிவைத்த தினகர் கார்வே.